பைக்கில் போனதால்தான் குறைமாதத்தில் பிறந்ததா?

முதல் குழந்தை 32 வாரத்தில் பிறந்ததற்கு நீங்கள் பைக்கில் போனதுதான் காரணம் என்று மாமியார் சொல்கிறார், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். விழுந்து அடிபட்டிருந்தால் வேறு விஷயம். சும்மா உட்கார்ந்து போனதற்கெல்லாம் குறைப்பிரசவம் ஆகாது. அழாதீர்கள்.

என் மகன் 31 வாரத்தில் பிறந்தான், 1,450 கிராம். எங்கள் வீட்டில் பழி விழுந்தது பப்பாளி மேல். ஒரு கல்யாண வீட்டில் நான் தின்ற இரண்டு துண்டு பழுத்த பப்பாளி!

நடந்தது வேறு. ஆறாம் மாதத்திலிருந்தே எனக்கு நீர்க்கடுப்பு. சூடு என்றார்கள். இளநீரும் வெந்தயம் போட்ட மோரும் குடித்தேன். குறையும், திரும்ப வரும். டாக்டரிடம் சொல்லவே இல்லை. வளைகாப்பு முடிந்த பத்தாம் நாள் விடியற்காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது. லேபர் வார்டில் நர்ஸ் கையில் சோப்பு தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். யூரின் டெஸ்ட்டில் தொற்று இருந்தது. அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். அவரும் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார்.

பிரஷர், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, அடுத்தடுத்து கர்ப்பம், புகையிலை என்று காரணங்கள் நிறைய. பல பேருக்குக் கடைசி வரை காரணமே தெரிவதில்லை. நான் டாக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். பெரியவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பப்பாளி என்று சொன்ன அதே அத்தைதான் என்னோடு முறை போட்டு, கங்காரு முறையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தார்.

ஒருமுறை குறைமாதம் ஆனால் அடுத்த முறையும் ஆகும் வாய்ப்பு கூடுதல். அதனால் முதல் செக்கப்பிலேயே '32 வாரம்' என்று சொல்லிவிடுங்கள். கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் பார்ப்பார்கள். எரிச்சல் இருந்தால் அன்றைக்கே யூரின் டெஸ்ட்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்க்கும் பள்ளியில் பதினான்கு டீச்சர்களுக்கு ஒரே கழிப்பறை, மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. காலை எட்டரையிலிருந்து நாலு மணி வரை அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் இருந்த நாட்கள் எத்தனையோ. அதை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போதும் அங்கே இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். போன வாரம் மூன்றாவது தடவையாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.