இரண்டு வலி மாத்திரைக்கும் தடிப்பு வந்தால்

பல்வலிக்கு ஐபுபுரூஃபென் போட்ட ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். போன வருடம் டைக்ளோஃபெனாக்குக்கும் இதே கதை, ஆனால் அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அந்த ரிப்போர்ட்டை நம்பி மறுபடி போட்டுவிடாதீர்கள். இரண்டும் வேதி அமைப்பில் வேறு வேறு குடும்பம். இரண்டுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது பெரும்பாலும் ஐஜிஇ (ஒவ்வாமைக்காக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) வழியாக வரும் ஒவ்வாமை இல்லை. வலி, வீக்கம் தொடர்பான வேதிப்பொருட்களை உடம்பில் உண்டாக்க உதவும் காக்ஸ்-1 என்ற நொதியை மாத்திரை தடுப்பதால் வருவது, அதனால் ரத்தத்திலோ தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலோ சிக்காது. உறுதிப்படுத்த வேண்டுமென்றால் மருத்துவமனையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது தடிப்பின் போட்டோ இருந்தால் காட்டுங்கள். மாத்திரை போடாத நாட்களிலும் தடிப்பு வருமா, ஆஸ்துமா உண்டா, மூக்கில் சதை வளர்ச்சி உண்டா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருஞ்சிவப்பு வட்டமாக வந்து கறை நின்றுவிட்டால் அது வேறு வகை, அதையும் சொல்லிவிடுங்கள்.

பாராசிட்டமால் 500 மி.கி. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். காக்ஸ்-1-ஐ அதிகம் தொடாத எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான், ஆனாலும் எதுவானாலும் முதல் மாத்திரை டாக்டர் கண்பார்வையில் இருக்கட்டும். அப்புறம் அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்: பாராசிட்டமால்தானே என்று பலரும் வாங்கும் காம்பிஃப்ளாமில் 400 மி.கி. ஐபுபுரூஃபென் இருக்கிறது.

மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ வந்தால் உடனே 108. காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.