ராத்திரி ஒரு மணி வரைக்கும் மொபைல்ல கேம் ஆடுறார், கட்டைவிரல் வலிங்கிறார், வீட்ல பேசறதே இல்ல. என் கணவருக்கு இது அடிக்‌ஷனா? போன பிடுங்கி வச்சிடலாமா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அனேகமா உங்களுக்கு சின்னக் குழந்தை இருக்கும், ரெண்டு பேரும் வேலைக்குப் போவீங்க, ஊர்லருந்து ஒத்தாசைக்கு ஆள் இருக்காது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்டுக் கதை அப்படித்தான் இருந்துச்சு, என்ன, எங்க வீட்ல ஆடினது நான்.

நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல வேலை, பெங்களூரு ராமமூர்த்தி நகர்ல பத்து வருஷமா இருக்கோம். கேம் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறேன்னு யாரும் கமென்ட்ல வராதீங்க, முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

2019 டிசம்பர்ல வாணியம்பாடில அம்மா வீட்ல பையன் பொறந்தான். மூணாம் மாசம் இங்க கூட்டிட்டு வந்தாங்க. அம்மா கூடவே வந்து பத்து நாள் இருந்துட்டு, சொந்தத்துல ஒரு கல்யாணம், நாலு நாள்ல வந்துடறேன்னு மார்ச் 20-ந்தேதி பிருந்தாவன் ரயில்ல ஏறிப் போனாங்க. 24-ந்தேதி ராத்திரி லாக்டவுன் சொல்லிட்டாங்க. அப்புறம் இ-பாஸ், அப்பாவுக்கு சுகர், வெளிய அனுப்ப பயம்னு தள்ளித் தள்ளிப் போய் அம்மா திரும்ப வந்தது நவம்பர்ல, தீபாவளிக்கு. வீட்டுக்காரருக்கு யூஎஸ் கால், சாயங்காலம் ஆறுக்கு ரூம்குள்ள போனா ராத்திரி ரெண்டுக்குத்தான் வெளிய வருவார். அவர் மேல தப்பு சொல்லல, அந்த வேலைதான் வாடகை கட்டுச்சு.

ஏப்ரல்ல என் தம்பி போன்ல பப்ஜிங்கிற துப்பாக்கிச் சண்டை கேம போட்டுக் குடுத்தான், அதாவது எப்படி இறக்குறதுன்னு போன்லயே சொல்லிக் குடுத்தான். அவன் மதுரைல, சித்தி பொண்ணு திருச்சில, அவ ஃப்ரெண்ட் ஒருத்தி, நான், நாலு பேர் ஸ்குவாட். பையன் மடியில தலையணை மேல தூங்குவான், லைட் ஆஃப், ஒரு காதுல மட்டும் இயர்போன், இன்னொரு காது அவன் மூச்சு சத்தத்துக்கு. "அக்கா பின்னாடி ஒருத்தன் வர்றான் படு படு"ன்னு தம்பி கத்துவான், மேட்ச் நடுவுலயே "சாப்ட்டியாக்கா"ன்னு கேப்பான். நாள் பூரா என்கிட்ட அத கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஒரு மேட்ச் அரை மணி நேரம், ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி பால் குடுக்கிற நேரம் வந்துடும்.

மே மாசம் வலது கட்டைவிரல் அடில, மணிக்கட்டுப் பக்கமா, வலி ஆரம்பிச்சுது. குக்கர் மூடிய திருப்பினா கண்ணுல தண்ணி வந்துடும். அத்தை போன்ல "எந்நேரமும் போன நோண்டினா விரல் என்னத்துக்கு ஆகும்"னாங்க. அத்தைய குறை சொல்ல இத எழுதல, நல்லவங்க, ஆனா அந்த வார்த்தை இன்னும் உள்ள இருக்கு. ஜூலைல ஒருவழியா ஆர்த்தோ டாக்டர்கிட்ட போனேன். கட்டைவிரல உள்ள மடக்கி, மத்த நாலு விரலால மூடி, மணிக்கட்ட சுண்டுவிரல் பக்கமா சாய்க்கச் சொன்னார், சாய்ச்சதும் கத்திட்டேன். டி க்வெர்வேன்னு பேர், கட்டைவிரலுக்குப் போற தசைநார்கள் மணிக்கட்டுல ஒரு குறுகலான உறை வழியா போகுது, அங்க வீங்கிக்கிட்டு உரசுது. போன்ல ஆடுறியான்னு கேட்டார், தலைய குனிஞ்சிட்டு ஆமான்னேன். அடுத்து, குழந்தைய எப்படித் தூக்குறன்னு கேட்டார். அக்குளுக்குள்ள ரெண்டு கையையும் விட்டு, கட்டைவிரல விரிச்சு வச்சுத் தூக்குவோமே, அப்படித்தான்னு காட்டினேன். அதுவும்தான்மா காரணம், குழந்தை பெத்தவங்களுக்கு இது ரொம்ப சகஜம்னார். உள்ளங்கைய மேல பாக்க வச்சு, புட்டத்துக்கடியில ஒரு கை, முதுகுல ஒரு கைன்னு அள்ளித் தூக்கச் சொன்னார். கட்டைவிரல அசைய விடாத ஸ்ப்ளின்ட் ஒண்ணு ஆறு வாரம் போட்டேன், ஆட்டத்தையும் குறைச்சேன், ரெண்டும் சேர்ந்துதான் வலி போச்சு.

கை ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு விஷயம் சொல்றேன், உங்களுக்கு அதுதான் முக்கியம். செப்டம்பர் 2-ந்தேதி கவர்மென்ட் தடை பண்ணின 118 ஆப்ல பப்ஜியும் ஒண்ணு, ஏற்கெனவே போன்ல இருந்தவங்களுக்கு அக்டோபர் 30-ஓட சர்வரே நின்னுச்சு. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி, இனிமே இவ சரியாயிடுவான்னு. நான் சரியாகல. கேம் இல்லாமலும் மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு ஃபேன பாத்துட்டுப் படுத்திருந்தேன். பையன் அழுதா எழுந்து பால் குடுப்பேன், அவன் முகத்தப் பாத்தா ஒண்ணுமே தோணாது, அது எனக்கே பயமா இருந்துச்சு. தீபாவளிக்கு வந்த அம்மா ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சு, இவளுக்கு உடம்பு சரியில்ல மாப்ள, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னாங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன். எட்டு மாசம் மாத்திரை, கவுன்சலிங். ஏப்ரல்லயே இருந்திருக்கு, எல்லாரும் கேமையே பாத்துட்டு இருந்ததால அத யாரும் பாக்கல, நானும்தான்.

அதுக்காக கேம் அடிக்‌ஷனே கிடையாதுன்னு சொல்லல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல கேமிங் டிஸார்டர நோய்ப் பட்டியல்ல சேர்த்துச்சு, 2022-லிருந்து அது நடைமுறைல இருக்கு. ஆனா அதுல இத்தனை மணி நேரம் ஆடினா நோய்னு எந்தக் கணக்கும் இல்ல. நிறுத்த நினைச்சாலும் முடியலையா, வேற எல்லாத்தையும் விட கேம்தான் முன்னாடி நிக்குதா, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் விட முடியலையான்னுதான் பாக்கிறாங்க, அதுவும் பொதுவா ஒரு வருஷமா இப்படியே இருக்கணும். எங்க ஊர்ல நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில 2014-லிருந்தே இதுக்குன்னு ஷட் கிளினிக்னு ஒண்ணு இருக்கு, நிஜமா கஷ்டப்படுறவங்க இருக்காங்க. நான் ஆடினதால தூக்கம் இன்னும் கெட்டுச்சுங்கிறதும் உண்மை, அத மறைக்கல.

இதுல இன்னொன்னையும் சொல்லணும். ஜூன்ல 26 வாரம் லீவு முடிஞ்சு வேலைல சேர்ந்தேன், அந்த வருஷ அப்ரைசல்ல "பிரேக் எடுத்ததால" ரேட்டிங் ஒரு படி கீழ. 26 வாரம் சட்டம், 2017-லிருந்து இருக்கு, அதே சட்டத்துல 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆபீஸ்ல க்ரெச், அதாவது குழந்தைகள பாத்துக்கிற இடம், வைக்கணும்னு இருக்கு, எங்க ஆபீஸ்ல ஆயிரம் பேர், டேபிள் டென்னிஸ் ரூம் உண்டு, ப்ளே ஸ்டேஷன் உண்டு, க்ரெச் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. ஆம்பளைங்க லஞ்ச்ல ஒரு மணி நேரம் ஃபிஃபா ஃபுட்பால் கேம் ஆடினா ஸ்ட்ரெஸ் பஸ்டர், நான் ராத்திரி ஆடினா பொறுப்பில்லாத பொம்பள. உங்க கேள்விக்கு இது சம்பந்தமில்லதான், எழுத ஆரம்பிச்சதும் வந்துடுச்சு.

சரி, உங்க வீட்டுக்காரர் விஷயம். போன பிடுங்காதீங்க. அவர் ஆடும்போது பக்கத்துல உக்காந்து யார் கூட ஆடுறார், என்ன பேசிக்கிறாங்கன்னு கேளுங்க. கேம் இல்லாத ஞாயித்துக்கிழமை காலைல எப்படி இருக்கார், சாப்பாடு பிடிக்குதா, குழந்தைய கொஞ்சுறாரான்னு கவனிங்க. அப்பாக்களுக்கும் குழந்தை பொறந்த பிறகு டிப்ரஷன் வரும். உடனே டாக்டர்கிட்ட போக கூச்சப்பட்டா 14416-க்கு கூப்பிடச் சொல்லுங்க, டெலி மானஸ், கவர்மென்ட் லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

விரலுக்கு நான் மேல சொன்ன மாதிரி மடக்கிச் சாய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க, வலி எங்க வருதுன்னு கமென்ட்ல போடுங்க. என் ஸ்ப்ளின்ட் இன்னும் அலமாரில இருக்கு, போட்டோ எடுத்துப் போடுறேன்.