ஏற்றத்தில் இழுக்காத பழைய லொறி

கேள்வி: ஐயா, என்னுடையது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய கேன்டர் லொறி. டிரெய்லர் மாட்டி மலையிலிருந்து மரக்கறி கீழே கொண்டுபோகிறேன். திரும்ப உரம் ஏற்றி வந்தால் நுவரெலியாவுக்கு ஏறும் ரம்பொடை ஏற்றத்தில் முதல் கியருக்கு வந்துவிடுகிறது, கறுப்புப் புகையும் தள்ளுகிறது. டர்போ போடலாமா?
– வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 17 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் அது அப்படியே இழுவையில் தெரியும். முதலில் ஏர் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், வால்வு இடைவெளியைப் பாருங்கள். பம்பைக் கூட்டி டீசல் அதிகம் விடச் சொல்பவரிடம் போகவே வேண்டாம், புகையும் சூடும்தான் கூடும்.

இருக்கிற எஞ்சினில் டர்போ மட்டும் மாட்டுவதை நான் விரும்பவில்லை. அந்த அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் அதன் பிஸ்டன் செய்யப்படவில்லை. டர்போவோடே வந்த ரீகண்டிஷன் எஞ்சின் நல்லது. ரேடியேட்டரும் கிளட்சும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவும் வேண்டும்.

ஆனால் எனக்குப் பயம் இறக்கம்தான். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தர எண்ணெய் புதிதில் கொதிக்காமல் குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்கும், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். அப்போது சூட்டில் கொதித்து, பெடல் தரைக்கே போய்விடும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அதற்கும், புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக்குக்கும் முதலில் காசு போடுங்கள், எஞ்சின் அப்புறம்.