உறைக்குள் ஒரு சீட்டு: ஆம்பியன்ட், பரிசோதனை இசைத்தட்டுகள் பற்றிய கேள்வி பதில்

எங்கள் வீட்டு முன்னறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடித் தட்டுகள் கேட்கிறோம். கேட்டதை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்கிறோம். இது தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அதைக் கேள்விப்பட்டுப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஆம்பியன்ட் என்றால் பின்னணியில் ஓடுகிற இசைதானே? அதற்கு ஏன் தட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பின்னணியில் இருக்கவும் தெரிந்த இசை என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 1917இலேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி, நாற்காலி மேசைபோல அறையில் இருக்கும் இசை ஒன்றை எழுதிப் பார்த்தார். 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுக்கு ஒரு தோழி பழைய யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஓடவிட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக இருப்பது ஈனோவுக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கிகளில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை. எழுந்து சரிசெய்ய உடலில் தெம்பில்லாமல், மழைச் சத்தத்துக்கு நடுவே யாழின் சில சுரங்கள் மட்டும் மேலெழுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். அதே ஆண்டு வந்த தம் 'டிஸ்க்ரீட் மியூசிக்' தட்டின் உறையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

சில ஆண்டுகள் கழித்து ஈனோ வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தட்டில் சொற்களில்லாத பெண் குரல்கள் வரும் பகுதியைக் கேளுங்கள். ஒவ்வொரு குரலும், இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிய தனித்தனி ஒலிநாடாவில் சுற்றுகிறது. ஒரு வளையம் ஏறத்தாழ 23½ நொடி, இன்னொன்று 26 நொடி, வேறொன்று 30 நொடி. நீளங்கள் ஒத்துப்போகாததால் குரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வந்து சேர்கின்றன. வேலை செய்துகொண்டே கேட்டால் இது அறையின் காற்று. உட்கார்ந்து கேட்டால் இது கணக்கு. தட்டில் கேட்பதற்கு நான் சொல்லும் காரணம் எளியது: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது, அப்போது நீங்கள் இசையிடம் திரும்பி வந்துவிடுகிறீர்கள்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் வாங்கலாம்? (ஆசிரியை, சேலம்)

மறுவெளியீடுகளை வாங்குங்கள். ஜப்பானியக் கலைஞர்களான ஹிரோஷி யோஷிமுரா 1982இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட்கார்ட்ஸ்', மிதோரி தகாடாவின் 1983ஆம் ஆண்டுத் தட்டான 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' இரண்டும் 2017இல் மறுபடி அச்சாகின. அதற்கு முன் இவற்றின் மூலப்பதிப்புகளைப் பெரும் விலை கொடுத்துத்தான் வாங்க முடிந்தது. மூலப்பதிப்பு வேண்டும் என்ற ஆசை வரும். அந்தப் பணத்தில் நான்கு புதிய கலைஞர்களைக் கேட்கலாம். நான் அதைத்தான் செய்வேன்.

ஐயா, அமைதியான இடங்களில் படபடவென்று பொரிகிற சத்தம். ஊசியை மாற்றியும் போகவில்லை. (சென்னை, பல்லாவரம்)

சினிமாப் பாட்டுத் தட்டில் இதே பொரிசத்தம் இருந்தாலும் பாட்டு அதை மூடிவிடும். ஆம்பியன்ட் தட்டில் மறைந்துகொள்ள இடமில்லை. இரண்டாவது காரணம் தட்டிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டி இசையை அடைத்தால் தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைப்பார்கள். இசை தாழ்கிறது, ஆனால் தட்டின் இரைச்சல் அப்படியே நிற்கிறது. 'டிஸ்க்ரீட் மியூசிக்' முதல் பக்கம் முப்பது நிமிடத்துக்கும் மேல். அத்தகைய தட்டில் ஓரளவு இரைச்சலை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தட்டு உள்நோக்கிப் போகப் போகத் தெளிவு குறைவதும் இயல்பே. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. தடம் ஓடுகிறது. முடிவில் அது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இனி உங்கள் கையில் இருப்பது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊர்த் தட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள்; பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அதுதான். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு விடுங்கள். நடுவில் உள்ள காகிதத்தை நனைக்காமல், மெல்லிய துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் வடிநீரில் இருமுறை அலசி, சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கம்பிக் கூடையில் நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். பழைய காகித உள்ளுறையில் திரும்பப் போடாதீர்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கிறது. தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றின் அருகில் ஸ்பிரிட்டைக் கொண்டுபோகவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.

தட்டின் முடிவில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. பழுதா? (மதுரை)

பழுதில்லை, வேண்டுமென்றே வெட்டியது. சுருளாக உள்நோக்கிப் போக வேண்டிய தடத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி வெளியே வர முடியாது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 நொடி. 1948இல் பாரிஸ் வானொலியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷாஃபர் இப்படி மூடிய தடங்களில்தான் ரயில் ஓசைகளையும் பிறவற்றையும் வைத்து இசையமைக்கத் தொடங்கினார். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்' (1975) இரட்டைத் தட்டின் நான்காம் பக்கம் இப்படித்தான் முடிகிறது, அதாவது முடிவதில்லை. அமெரிக்காவின் ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஒரு தட்டில் ஐந்நூறு கலைஞர்களின் ஐந்நூறு வட்டத் தடங்கள் உள்ளன. எங்கள் கூட்டத்தில் அதைப் போட்டால் ஊசியை நகர்த்த அடுத்தவர் கை நீண்டுகொண்டே இருக்கும்.

இந்த இசையில் இந்தியாவுக்கு ஏதேனும் பங்கு உண்டா? (பெங்களூருத் தமிழர்)

உண்டு, அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடரின் உதவியோடு மோக் சின்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) கொண்ட மின்னணு இசைக்கூடம் ஒன்று அமைந்தது. கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசையமைத்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பணி ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற இசைக்கலைஞர் பல பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றைத் தேடி எடுத்தார். 2023இல் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற பெயரில் அவை தட்டாக வந்தன. அவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் நாற்பது வருடம் இந்த இசையைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தட்டைப் போட்ட அன்று மாலை எங்கள் அறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

இரவல் கொடுத்தது திரும்பாமல் போனதில்லையா? எப்படி நம்பிக் கொடுக்கிறீர்கள்? (வேலூர்)

போயிருக்கிறது. மூன்று தட்டுகள் திரும்பவில்லை, ஒன்று வளைந்து திரும்பியது. ஆனாலும் கொடுப்பதை நிறுத்தவில்லை. இருநூறு, முந்நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகும் தட்டு ஒன்று என்னிடம் வந்து அலமாரியிலேயே நின்றுவிட்டால், அதைக் கேட்டிருக்க வேண்டிய பத்துப் பேரின் காதை நான் அடைத்ததாகிறது.

எங்கள் முறை இது. ஒவ்வொரு உறைக்குள்ளும் அஞ்சலட்டை அளவுச் சீட்டு ஒன்று. வாங்கிப் போகிறவர் கேட்ட தேதியையும், எங்கே, எப்போது கேட்டார் என்பதையும், தோன்றிய ஒரு வரியையும் எழுத வேண்டும். யோஷிமுரா தட்டின் சீட்டில் பதினொரு கையெழுத்துகள் உள்ளன. நீல மையில் ஒருவர், "அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரவு, இரண்டாம் பக்கம் மட்டும்" என்று எழுதியிருக்கிறார். அடுத்து வாங்கிப் போனவர் அதற்குக் கீழே, "நானும் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன்" என்று எழுதினார்.

தபாலில் அனுப்பினால் தட்டை அட்டை உறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு தனியாகப் பின்னால் வையுங்கள். இல்லையென்றால் வழியில் தட்டு ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தட்டைக் கைமாற்றுங்கள். இன்று விற்பனையில் உள்ள சிறு கலைஞரின் இசையைக் கோப்பாக நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். அவர் அடுத்த தட்டை அச்சிடுவது நாம் கொடுக்கும் பணத்தில்தான். இசை விற்கும் பேண்ட்கேம்ப் போன்ற இணையதளத்தில் நேரடியாக வாங்கினால் பெரும்பங்கு அவருக்கே போகும்.

இவை விலை ஏறுமா? (பெயர் குறிப்பிடவில்லை)

சில ஏறும். அதற்காக வாங்குவதாக இருந்தால் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

2000களில் வாங்கிய சிறு நிறுவனங்களின் சிடி-ஆர் (கணினியில் பதிவுசெய்யும் சிடி) வட்டுகள் நிறைய இருக்கின்றன. என்ன செய்வது? (கோவை)

இன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். அந்த வட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம், வெயிலிலும் ஈரத்திலும் அது சிதையும். ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பு வடிவில் இரண்டு இடங்களில் வையுங்கள். ஐம்பது பிரதி மட்டுமே வந்த வெளியீடு என்றால் உலகில் எஞ்சியிருப்பது உங்களுடையதாகவே இருக்கலாம்.

ஐயா, எலியான் ராடிக்கின் இசையைப் பத்து நிமிடம் கேட்டேன். எதுவும் நடக்கவில்லை. எப்படிக் கேட்பது? (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் ஊரில் கச்சேரி தொடங்குமுன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்த ஓரிரு நிமிடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு தந்திகள்தாம். ஆனால் காதைக் கொடுத்தால் யாரும் மீட்டாத சுரங்கள் உள்ளிருந்து எழும்பும். பிரெஞ்சு இசையமைப்பாளரான ராடிக், முன்பு சொன்ன ஷாஃபரிடமும் அவருடன் பணிபுரிந்த பியர் ஆன்ரியிடமும் பயின்றவர். பின்னாளில் ஏஆர்பி 2500 என்ற ஒரே சின்தசைசரை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் இசையமைத்தார். அவர் ஒலியை மாற்றும் வேகம் நிழல் நகரும் வேகம். மாறுவது தெரியாது, மாறியிருப்பது தெரியும்.

கைப்பேசியில் வேண்டாம், அதில் அடித்தொனி வராது. ஒலிபெருக்கியில் அளவாக வைத்து, அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். நிற்கும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். 'ட்ரிலஜி டி லா மோர்' மூன்று சிடிக்கள் கொண்ட தொகுப்பு. என்னுடையது இப்போது திருவண்ணாமலையில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. முகவரி அனுப்புங்கள், அவர் நேராக உங்களுக்கே அனுப்பிவிடுவார். சீட்டில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது.