பட்டன் போனில் போகாத காசு ஸ்மார்ட்போனில் எங்கே போகிறது?

கேள்வி: உவர்மலையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. இத்தனை வருடமும் பட்டன் போன்தான் பாவித்தேன். 200 ரூபாய் ரீலோட் போட்டால் மூன்று கிழமை ஓடும். போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் மகன் தன்னுடைய பழைய ஐபோனைக் கொடுத்தனுப்பினான். அதே இலக்கத்துக்குச் சின்ன சிம் எடுத்துப் போட்டோம். இப்போது 200 ரூபாய் இரண்டு நாளில் முடிகிறது. நான் இன்டர்நெட் ஒன்றும் பார்ப்பதில்லை. மகனிடம் சொன்னால், "2010இல் எனக்கும் இதே கதைதான் அம்மா. கோல் எடுக்க மட்டும் ஒரு பழைய ஸ்மார்ட்போன் வாங்கினேன், கம்பனி தானாகவே மாதம் 30 டொலர் டேட்டா பிளானைப் போட்டுவிட்டது" என்கிறான். இங்கேயும் அப்படி வந்துவிட்டதா? பழைய போனுக்கே திரும்பவா?

பதில்: திரும்ப வேண்டாம், டீச்சர். ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரிடம் மாதக் கட்டணம் எடுக்கிற வழக்கம் இலங்கையில் இல்லை. ப்ரீபெய்ட் சிம்மை எந்தப் போனில் போட்டாலும் அது ப்ரீபெய்ட் சிம்தான். டேட்டா பெக்கேஜ் வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். உங்கள் காசு வேறு வழியால் போகிறது. அந்த வழியை அடைத்துவிடலாம்.

ஆனால் மகன் சொன்னது உண்மை. அமெரிக்காவின் தொலைபேசிக் கம்பனியான ஏடி அண்ட் டி 2009 செப்டெம்பரிலிருந்து புதிதாக இணையும் ஸ்மார்ட்போன்களுக்கு டேட்டா பிளானைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள இன்னொரு கம்பனியான வெரைசனும் அதே பாதையில்தான் போனது. ஐபோனுக்கு அப்போது மாதம் 30 டொலர். 2010 ஜூனில் 200 எம்பிக்கு 15 டொலர், 2 ஜிபிக்கு 25 டொலர் என்று பிரித்தார்கள். கோல் மட்டும் போதும் என்றவரும் குறைந்தது அந்த 15 டொலரைக் கட்டத்தான் வேண்டியிருந்தது. கையில் இருப்பது என்ன போன் என்று கம்பனிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். *#06# என்று அழுத்திப் பாருங்கள், 15 இலக்கங்கள் வரும். அதுதான் ஐஎம்ஈஐ. முதல் எட்டு இலக்கங்களே போனின் மொடலைக் காட்டிக்கொடுத்துவிடும். போன் வலையமைப்போடு இணைகிறபோது அந்த இலக்கமும் கம்பனிக்குப் போய்விடும்.

அவர்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ்ஸை இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டொலருக்குக் கொடுத்தார்கள். உண்மையான விலை அதைப்போலச் சுமார் மூன்று மடங்கு. மிச்சத்தைக் கம்பனி தன் கையிலிருந்து போட்டு, மாதப் பில்லில் திருப்பி எடுத்தது. அது சரி. முழுக்காசும் கொடுத்து வேறு இடத்தில் வாங்கிய பழைய போனுக்கும் அதே கட்டணத்தை ஏற்றியதுதான் அநியாயம். அந்தப் போனுக்குக் கம்பனி ஒரு சதமும் போடவில்லையே.

உங்கள் கதைக்கு இன்னும் கிட்டியது வெரைசனில் நடந்த வேறொரு விஷயம். டேட்டா பிளானே இல்லாத சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களிடம் ஒரு எம்பிக்கு 1.99 டொலர் வீதம் காசு எடுத்திருக்கிறார்கள். தவறி ஒரு பட்டனில் விரல் பட்டு நெட் திறந்ததற்கும், திறக்காமலே போன முயற்சிக்கும், போனோடு வந்த இலவச விளையாட்டுக்கும்கூட. அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு விசாரித்தது. 2010 அக்டோபரில் வெரைசன் திறைசேரிக்கு 2.5 கோடி டொலர் கட்டவும், வாடிக்கையாளருக்குக் குறைந்தது 5.28 கோடி டொலர் திருப்பிக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டது. கேட்காத சேவைக்கு எடுத்த காசு அப்படித்தான் திரும்பி வந்தது. எனக்கு இதில் பிடித்தது, ஆரம்பத்தில் இரண்டு டொலர்தானே என்று விடாமல் சிலர் முறைப்பாடு செய்ததுதான்.

இனி உங்கள் போனுக்கு வருவோம். பட்டன் போன் நீங்கள் தொட்டால் மட்டும் வேலை செய்யும். ஸ்மார்ட்போன் அப்படியில்லை. நீங்கள் தூங்கும்போதும் அது அப்டேட் தேடும், போட்டோக்களை மேலே ஏற்றும், இடம் பார்க்கும். பெக்கேஜ் இல்லாத சிம்மில் இந்த ஒவ்வொரு எம்பிக்கும் முதன்மை மீதியிலிருந்து, அதாவது நீங்கள் ரீலோட் போட்ட காசிலிருந்து, வெட்டுப்படும். தனி எம்பியாக வெட்டும் விலை பெக்கேஜ் விலையைவிட எவ்வளவோ கூட. "நான் நெட் பார்ப்பதில்லை" என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. பார்ப்பது போன்.

செட்டிங்ஸுக்குள் போய் செல்லுலர் என்பதைத் திறந்து, செல்லுலர் டேட்டாவை அணையுங்கள். அந்தப் பச்சை நிறம் சாம்பலாக வேண்டும். அதே பக்கத்தில் கீழே இறங்கினால் எந்த அப் எவ்வளவு டேட்டா தின்றது என்று வரிசையாகத் தெரியும். உங்கள் காசு போன வழியை அங்கேயே கண்ணால் காணலாம். பக்கத்தின் அடியில் வைஃபை அசிஸ்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். வீட்டில் வைஃபை இருந்தாலும் சிக்னல் இளைத்தால், சொல்லாமல் சிம்முக்குத் தாவுகிற வேலை அதனுடையது.

ஐபோனுக்கே உரிய இன்னொரு செலவு பலருக்குத் தெரியாது. ஐபோனின் சொந்த மெசேஜ், வீடியோ கோல் வசதிகளான ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உங்கள் இலக்கத்தைப் பதிய வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது உங்கள் மெசேஜ் பட்டியலில் தெரியாது, காசு மட்டும் குறையும். சிம் மாற்றியதும், சில வேளை போனை அணைத்துப் போட்டதும் திரும்ப அனுப்பும். மகனோடு வைஃபை இருக்கும்போது வட்ஸ்அப்பில் பேசுவது போதுமென்றால் இரண்டையும் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு 200 ரூபாய் போட்டு நான்கு நாள் பாருங்கள். அப்போதும் அதே வேகத்தில் குறைந்தால் அது டேட்டா இல்லை. நாளுக்கு இவ்வளவு என்று வெட்டுகிற ஏதோ ஒரு சேவையில் உங்கள் இலக்கம் மாட்டியிருக்கலாம்.

பாலையூற்றில் இருக்கும் என் சித்திக்கு அதுதான் நடந்தது. தினமும் காலையில் ஒரு ராசிபலன் மெசேஜ், அதுவும் சிங்களத்தில். சித்தி வாசிக்கவே மாட்டார், அழித்துவிட்டு அடுப்படிக்குப் போவார். ஒவ்வொரு மெசேஜுக்கும் சில ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எப்படிச் சேர்ந்தார்? நான் பக்கத்தில் இருந்தபோதே அதைப் பார்த்தேன். போனை எடுத்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி எழும்பியது. இரண்டு வரி ஆங்கிலம், கீழே கென்சல், ஓகே. பெட்டி போகட்டும் என்று சித்தியின் பெருவிரல் ஓகேயை நோக்கிப் போனது. அவ்வளவுதான் சம்மதம். கம்பனிக்கு எடுத்துச் சொன்னதும் நிறுத்தினார்கள், முதல் தடவை கேட்டபோது காசு தர மறுத்தார்கள். திகதிகளை எழுதிக்கொண்டு இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் ஒரு பகுதியை மீதியில் போட்டார்கள்.

இதுவும் நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. இப்படி மூன்றாம் ஆட்களின் ராசிபலன், ரிங்டோன் சேவைகளைச் சம்மதமில்லாமல் பில்லில் ஏற்றிய விவகாரத்தில் ஏடி அண்ட் டி 2014 அக்டோபரில் 10.5 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது.

ஆகவே டீச்சர், உங்கள் சிம் கம்பனியின் இலக்கத்துக்கு எடுங்கள். டயலொக் என்றால் 1777, மொபிட்டெல் 1717, ஹட்ச் 1788. தமிழைத் தெரிந்தெடுத்து, மூன்று விஷயம் கேளுங்கள்: என் இலக்கத்தில் என்னென்ன சேவை ஓடுகிறது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பெக்கேஜ் இல்லாத நேரம் முதன்மை மீதியிலிருந்து டேட்டாவுக்குக் காசு எடுக்காமல் தடை போட முடியுமா. பேசியவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்கிக் கொப்பியில் எழுதுங்கள். நேரமும் திகதியும் முக்கியம். அங்கே தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900. கடிதமாக அனுப்புவதென்றால் 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி, தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடியே எத்தனை முறைப்பாடுகள் நம் வீடுகளில் கிடந்து செத்துப்போகின்றன.

ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். கட்டாய டேட்டா என்பது வேறு உருவத்திலும் வரும். இந்தியாவில் ரீசார்ஜ் பெக்குகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக டேட்டாவோடு சேர்ந்தே வரத் தொடங்கின. பட்டன் போன்காரரும் தன்னால் பாவிக்கவே முடியாத டேட்டாவுக்குக் காசு கொடுத்தார். அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் தலையிட்டு, கோலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பெக் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பனியும் தர வேண்டும் என்று விதி போட்டது. இங்கே நீங்கள் பெக்கேஜ் வாங்கும்போதும், கடைக்காரர் முதலில் காட்டுவதை எடுக்காமல், கோல் மட்டும் உள்ளது இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

கேள்வி: கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்கிறேன். ஒரு போன் கைக்காசுக்கு 58,000 ரூபாய். அதே கடையில் தவணைக்கு மாதம் 3,900 ரூபாய், 24 மாதம், ஆனால் டேட்டா பெக்கேஜும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டுமாம், பிரித்துத் தர மாட்டார்களாம். நான் மாதம் 600 ரூபாய்க்கு மேல் டேட்டா போடுவதில்லை. எடுக்கலாமா?

பதில்: நானா, கணக்கைப் பார்ப்போம். 3,900ஐ 24ஆல் பெருக்கினால் 93,600. நீங்கள் 58,000 கொடுத்துப் போனை வாங்கி, உங்கள் வழக்கப்படி மாதம் 600க்கு டேட்டா போட்டால் இரண்டு வருடத்துக்கு 14,400, மொத்தம் 72,400. வித்தியாசம் 21,200 ரூபாய். அதுதான் தவணைக்கும் வேண்டாத டேட்டாவுக்கும் நீங்கள் கொடுக்கும் விலை. மாதம் 3,900 என்ற இலக்கம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், 93,600 தெரியாது. இன்னொன்றும் கேளுங்கள்: 3,900 வரி சேர்ந்ததா? பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். சேராத விலையென்றால் என் கணக்கும் மாறும்.

இது மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கின் தம்பிதான். கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம், நடுவில் விட்டால் மிச்சத்தையும் கேட்பார்கள். என் எண்ணம், ஆறேழு மாதம் சீட்டுப் போட்டுக் கைக்காசுக்கு எடுங்கள். அவசரம், கட்டாயம் வேண்டும் என்றால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: மொத்த விலை, டேட்டா எத்தனை ஜிபி, அதில் எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடியது. விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிற நீங்கள் அந்த இரவு டேட்டாவை என்ன செய்யப் போகிறீர்கள்? பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள், நாள் கடந்தால் வழக்கு இளைத்துவிடும்.

கேள்வி: அண்ணா நியூ ஜெர்சியிலிருந்து ஐபோன் 15 கொண்டுவருகிறார். நிலாவெளியில் இங்கத்தைய சிம் போட்டுப் பாவிக்கலாமா?

பதில்: சிம் போட முடியாது, தங்கச்சி, போட இடமே இருக்காது. ஐபோன் 14, 15 இரண்டையும் அமெரிக்காவில் சிம் தட்டு இல்லாமல்தான் விற்றார்கள். ஈ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம், எடுக்க வேண்டும். அடையாள அட்டையோடு உங்கள் கம்பனியின் கிளைக்குப் போனால் அதே இலக்கத்தை மாற்றித் தருவார்கள். அதற்கு முன்னால், அண்ணா விமானம் ஏறுவதற்குள் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய், கெரியர் லொக் என்ற இடத்தில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் போன் அந்தக் கம்பனிக்குப் பூட்டுப்பட்டது. அதைத் திறப்பது அங்கே இருக்கும்போதுதான் சுலபம்.