மீன் இருப்பு மாடல் மைனஸில் போவது ஏன்?

வென்சிம் என்ற மாடல் மென்பொருளில் வடகடல் (பாக் விரிகுடா) மீன் இருப்புக்கு ஒரு சின்ன மாடல் செய்திருக்கிறீர்கள், தடைக்காலமும் சேர்த்திருக்கிறீர்கள், இருப்பு மைனஸுக்குப் போகிறது. டைம் ஸ்டெப்பை (மாடல் ஒவ்வொரு முறை கணக்குப் போடும் கால இடைவெளியை) குறைத்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. சமன்பாடுகளை நீங்கள் போடவில்லை. ஆனாலும் மாதப் பிடிப்புக்கு மாறாத ஓர் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

பாம்பன்காரன் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. என் சித்தி மகன் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதே மாடலைத்தான் எடுத்தான். தொடக்க இருப்பு 1000 டன், மாதம் 5 சதவீத வளர்ச்சி, மாதம் 60 டன் பிடிப்பு. தடைக்காலத்தை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். முதல் மாதம் 50 டன் கூடி 60 போனது, மிச்சம் 990. அடுத்து 979.5. 36-ஆம் மாத முடிவில் ஏறக்குறைய 42 டன்தான் மிச்சம். அதற்கடுத்த மாதமும் மாடல் அதே 60 டன்னைப் பிடிக்கிறது! அங்கேதான் மைனஸ். அதற்குப் பிறகு மைனஸின் 5 சதவீதம் வளர்ச்சி என்று கணக்காகி, கோடு அதலபாதாளத்துக்குப் போகிறது. டைம் ஸ்டெப்பை எவ்வளவு பொடியாக்கினாலும் இது மாறாது.

அவனுடைய வழிகாட்டி சொன்ன வைத்தியம், பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி ஒரு தடை போடு என்பது. நாட்டுப்படகில் போகும் எங்கள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கடல்ல மீனு குறைஞ்சா பாடும் குறையும்ல மாப்ள, அப்புறம் எப்படி தெனமும் ஒரே பாடு?" என்றார் (பாடு என்றால் கிடைக்கும் மீன்). திருத்த வேண்டியது அதுதான். பிடிப்பு = மீன் இருப்பு × படகுகள் × ஒரு படகின் பிடிதிறன் (இருப்பில் ஒரு படகு ஒரு மாதத்தில் பிடிக்கும் பங்கு). 30 படகு, பிடிதிறன் 0.002 என்றால் தொடக்கத்தில் அதே 60 டன் வரும். இருப்பு குறையக் குறையப் பிடிப்பும் குறையும், மைனஸுக்கு வழியே இல்லை.

வென்சிம் போன்ற இன்னொரு மென்பொருளான ஸ்டெல்லாவில் இருப்பு மைனஸ் ஆகாமல் தடுக்கும் வசதியே இருக்கிறதே என்று யாராவது வருவார்கள். தெரியும். ஆனால் அது பிழையைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது. பழகுகிறவர்களுக்கு மைனஸ் தெரிவதுதான் நல்லது.

    

சரி, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு மட்டும். மொத்தப் பிடிப்பையும் பூஜ்யமாக்காதீர்கள், நாட்டுப்படகு அப்போதும் போகும். இரண்டுக்கும் தனித்தனி ஃப்ளோ (இருப்பிலிருந்து வெளியேறும் ஓட்டம்) வையுங்கள், பிடிதிறனும் தனித்தனிதான். ஜனவரி தொடக்கம் 0 என்றால் தடை 3.5-இல் ஆரம்பித்து 2 மாதம் நிற்கும். டைம் ஸ்டெப் 1 ஆக இருந்தால் அந்த அரை மாதம் தள்ளிப்போய்விடும். டைம் ஸ்டெப்பை இங்கேதான் குறைக்க வேண்டும். 0.25 வையுங்கள், பிறகு 0.125 வைத்து ஓட்டி இரண்டு வரைபடங்களையும் ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தால் இன்னும் பாதியாக்குங்கள். 0.1 வேண்டாம், கணினி அதைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது.

யூனிட் (அலகு) சோதனையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இருப்பு டன்னில், பிடிப்பு டன்/மாதத்தில் வர வேண்டும். அப்படியும் மைனஸ் வந்தால் சமன்பாடுகளை முழுசாகப் போடுங்கள், பார்க்கிறேன்.