பல் எக்ஸ்ரேயில் எலும்புக் கட்டி: குடலையும் பார்க்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. தெற்றுப்பல்லுக்குக் கம்பி போடப் போனோம். எக்ஸ்ரேயில் ஈறுக்குள் இரண்டு கூடுதல் பற்களும் தாடையில் சின்னச் சின்ன எலும்புக் கட்டிகளும் இருக்கின்றனவாம். ‘வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா?’ என்று டாக்டர் கேட்டார். என் கணவரின் அண்ணன் 38 வயதில் அதில்தான் தவறிப்போனார். பல்லுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? — ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஒரு கூடுதல் பல் மட்டும் என்றால் கவலையே வேண்டாம், பலருக்கும் இருப்பதுதான். மேலண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்புறத்திலோ தட்டுப்படும் எலும்பு மேடும் பெரும்பாலும் இயல்பானதே. ஆனால் தாடை எலும்பில் வெள்ளை வெளேரென்று பல கட்டிகள், முளைக்காமல் புதைந்த பற்கள், குடும்பத்தில் இள வயதுக் குடல் புற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் ‘கார்ட்னர் சிண்ட்ரோம்’ என்ற பரம்பரை நோய் இருக்குமோ என்று பார்த்தே ஆகவேண்டும்.

இதற்குக் காரணம் 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. மரபணுவில் ஏற்படும் பழுது. அதனால் பெருங்குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள், அதாவது சின்னச் சின்ன சதை மொட்டுகள், முளைக்கும். அப்படியே விட்டால், 40 வயதை ஒட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் அது புற்றாகிவிடும். தாடைக் கட்டியோ புற்றல்ல. பாலிப் முளைப்பதற்கு முன்பே கூட அது தெரிந்துவிடும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மகனைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெரியப்பாவிடமிருந்து பையனுக்கு நேராக வர வழியில்லை. இந்தக் குடும்ப வழியில் வந்திருந்தால் அப்பா மூலமாகத்தான். ‘எனக்கு வயிறு நல்லாத்தானே இருக்கு’ என்பார். பாலிப் பல வருஷம் வலிக்கவே வலிக்காது. அவருக்கு உடனே கொலனோஸ்கோபி (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்யுங்கள். பையனுக்கு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. இந்த நோய் உறுதியானால் 10–12 வயதிலிருந்தே குடல் பரிசோதனை தொடங்குவது வழக்கம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவும், வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறையும் உண்டு.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததோ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். இந்த நோய்க்கு அது காரணமல்ல; பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

போவதற்கு முன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து, யார் யார் எந்த வயதில், எதனால் போனார்கள் என்று எழுதி வாங்குங்கள். மொய் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டால் ஒரு பங்காளி வீடும் விட்டுப்போகாது. தவறிப்போன அண்ணனின் பிள்ளைகளுக்கும் தகவல் சொல்லுங்கள். கம்பி போடுவது காத்திருக்கட்டும். அந்த எக்ஸ்ரேயைக் கையோடு குடல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.